பிள்ளைக் காம்பராவுக்கு வந்த சப்பாத்து

தயானிக்கு இரண்டரை வயது. தூங்குவதற்கு அவளுக்கு ஒரு காது வேண்டும். விரலால் அதன் மடலை உருட்டிக்கொண்டிருந்தால்தான் கண் சொருகும். முதலில் அது அம்மாவின் காதாக இருந்தது. ஜெயமலர் காய்ச்சலில் போன பிறகு அப்பா ஆரூரனின் காதாயிற்று. பதுளையில் அவர்கள் குடியிருந்த வீட்டின் முன்பாதியில் இருந்த றஷீனா, ஆரூரன் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போன நேரமெல்லாம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டாள். அவளுடைய காதை ஏற்றுக்கொள்ளத் தயானிக்குச் சில மாதங்கள் பிடித்தன.

இப்போது அந்தக் காதும் இல்லையென்றாயிற்று. றஷீனா மூன்றாவது பிள்ளைக்கு நிறைமாதம். பாரம் தூக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் சேர் என்று அவள் கதவோரம் நின்று கண்ணைத் துடைத்தபோது, ஆறுதல் சொல்ல வேண்டியவன் தான்தான் என்பது ஆரூரனுக்குச் சற்றுத் தாமதமாகவே விளங்கியது. அவனுக்கு அந்த ஒரு வருடமாக எல்லாமே தாமதமாகத்தான் விளங்கின.

அதே கிழமையில் இடமாற்றக் கடிதமும் வந்தது. தை மாதத் தவணையிலிருந்து தெமோதரைக்கு மேலே இருந்த ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்க வேண்டும். இருப்பதற்குப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு குவாட்டர்ஸ் உண்டு. பிள்ளையை யார் பார்ப்பது என்பதற்கு மட்டும் அந்தக் கடிதத்தில் ஒன்றுமில்லை.

கொழும்பில் இருந்த அக்கா விஜிதாவுக்குக் கொமியூனிகேஷன் கடையிலிருந்து போன் பண்ணினான். அவள் யோசிக்கவே இல்லை.

"பிள்ளையை என்னட்டைத் தா தம்பி. என்ர ரெண்டோட மூண்டாவதா வளரட்டும்."

அவன் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினான். கடைக்காரர் அவனைப் பார்த்தார்.

"நான் ஞாயிற்றுக்கிழமை வாறன்" என்றாள் அக்கா. "அதுக்குள்ள நல்ல இடமா ஒண்டு பாத்து வைச்சியெண்டா, பாத்திட்டுப் பேசாமல் திரும்பிப் போவன். இல்லாட்டிப் பிள்ளை என்னோட வரும். ஓமோ?"

ஓம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான். அக்கா கெட்டவளல்ல. அவள் வீட்டில் பிள்ளை நன்றாகத்தான் இருக்கும். அதை எதிர்த்துச் சொல்ல அவனிடம் ஒரு நியாயமும் இருக்கவில்லை. ஆனால் பிள்ளை போய்விட்டால் இரவில் தன் காதை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஆகவே தேடினான்.

பார்க்கப் போன இடங்களில் அவன் அதிகம் பேசவில்லை. தண்ணீர், கழிப்பறை, சாப்பாடு எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துக்கொண்டான். வாயால் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். பிள்ளை அழுதால் என்ன செய்வீர்கள்?

பதுளை நகரில் ஒரு வீட்டின் மேல்மாடியில் நடந்த இடம் பளிச்சென்று இருந்தது. சுவரில் யானையும் முயலும் வரைந்திருந்தார்கள். விளையாட்டுச் சாமான்கள் பொலித்தீன் உறையோடு கண்ணாடி அலுமாரிக்குள் இருந்தன. பிள்ளைகள் உதட்டில் விரல் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். நடத்திய அம்மா அவன் கேள்விக்குப் பெருமையாகச் சிரித்தார். இங்கே வருகிற பிள்ளைகள் அழுவதே இல்லை என்றார். ஆரூரன் நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினான். அழாத பிள்ளைகள் அத்தனை பேரை ஒரே இடத்தில் பார்த்தது அவனுக்கு என்னவோ செய்தது.

ஹாலி எலயில் ஒரு வீட்டில் ஒரு நல்ல மனுசி இருந்தார். பிள்ளைகளுக்கு முறுக்கும் டெலிவிஷனும் கொடுத்திருந்தார். அழுதால் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைப்பேன் என்றார். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை.

மிஞ்சியது தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் காலையில் வேலைக்கு வரிசையில் நிற்கும் பெரட்டுக்கு முன்னால் கைக்குழந்தைகளையும் சின்னப் பிள்ளைகளையும் விட்டுவிட்டுப் போகும் இடம் அது. தோட்டத்தில் வேலை செய்யாதவர் பிள்ளையானாலும், பள்ளிக்கூடத்து ஆசிரியர் கேட்டால் தோட்டத்தை நடத்தும் துரை மறுக்கமாட்டார் என்று புதிய பள்ளிக்கூடத்து அதிபர் போனில் சொல்லியிருந்தார். ஆரூரன் அதைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம் இருந்தது. அக்கா என்ன சொல்வாள் என்று யோசித்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அக்கா மட்டுமல்ல, தோட்டத்து லயங்களில் வளரும் பிள்ளைகளோடு தன் பிள்ளையை விடத் தானும்தான் தயங்கினான் என்பது உள்ளே இருந்தது.

புதன்கிழமை தயானியை றஷீனாவிடம் விட்டுவிட்டு ரயிலில் போனான். புதிய இடத்து அதிபரையும் பார்க்க வேண்டியிருந்ததால் வெள்ளைச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, பொலிஷ் பண்ணிய சப்பாத்து. கையில் சான்றிதழ்கள் வைத்த பைல். தெமோதரை ஸ்டேஷனிலிருந்து மேலே ஏறும் பாதையில், மழையில் கழுவப்பட்ட தேயிலைக்கு நடுவே நடந்தான். தலைக்கு மேலே எங்கோ ஒரு பெண் நீட்டி ஒரு கூக்குரல் கொடுத்தாள். பக்கத்து மலையில் இன்னொருத்தி அதை வாங்கிக் கீழே கொடுத்தாள். கொழுந்துக்காரிகள் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொள்கிறார்கள் என்று நினைத்தான். நல்ல தொண்டை.

பிள்ளைக் காம்பரா பள்ளிக்கூடத்துக்குக் கீழே, தகரம் போட்ட நீளமான கட்டடம். உள்ளே போனதும் டெட்டோல் மணத்தது. பிள்ளைகள் பாயில் இரண்டு வரிசையாகச் சம்மணம் கட்டி, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லா முகத்திலும் புதிதாய்ப் பவுடர். எல்லாத் தலையிலும் தண்ணீர் சொட்டச் சொட்ட வகிடு. தொட்டில் சேலைகள் உத்தரத்தோடு சுருட்டிக் கட்டப்பட்டிருந்தன. பொறுப்பாக இருந்த தனலெட்சுமி, முப்பது வயதிருக்கும் பெண், சுவரோடு ஒட்டி நிமிர்ந்து நின்றாள். அவள் கண் காட்டியதும் பிள்ளைகள் ஒரே குரலில் காலை வணக்கம் சொன்னார்கள். பிறகு ஒரே குரலில் ஒரு பாட்டுப் பாடினார்கள். கடைசி வரிசையில் ஒரு பையனுக்கு விம்மல் வந்தது. அதை அவன் விழுங்கினான்.

தயானி என்ற பெயரையோ, தனக்கு ஒரு பிள்ளை இருப்பதையோ சொல்ல ஆரூரனுக்கு வாய் வரவில்லை. கேள்வியை மட்டும் கேட்டான்.

"இங்க யாரும் அழ மாட்டாங்கய்யா" என்றாள் தனலெட்சுமி, அவனுடைய பைலைப் பார்த்தபடி.

அவன் தலையாட்டிவிட்டு வெளியே வந்தான். இங்கே இப்போதிருந்தே பெரட்டுக்குப் பழக்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். அதோடு தேடல் முடிந்தது. திரும்பும் ரயிலில் தயானியின் உடுப்புகளில் எவை கொழும்பு வெயிலுக்குச் சரிவரும் என்று யோசித்தான். பெரும்பாலும் கம்பளிதான் இருந்தது.

சனிக்கிழமை குவாட்டர்ஸைக் கழுவப் போனான். றஷீனா காலையிலிருந்தே வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்ததால் தயானியையும் கூட்டிப் போக வேண்டியிருந்தது. அவளை வாசலில் ஒரு பழைய வாளியோடு உட்கார வைத்துவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டி, கையில் விளக்குமாறோடு உள்ளே இறங்கினான். வீடு பல மாதம் பூட்டிக் கிடந்தது. ஒட்டடை, எலிப்புழுக்கை, எவனோ விட்டுப்போன ஒரு பல்துலக்கி. தண்ணீரை ஊற்றித் தேய்த்துத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது வாளி மட்டும் இருந்தது.

அவன் ஓடினான். ஜெயமலர் போன பிறகு அவன் ஓடியது அதுதான் முதல் தடவை. குவாட்டர்ஸுக்கு முன்னால் ஒரு கான் போகிறது. மழைத் தண்ணீர் சாயத்தண்ணி நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கண்டதும் அவன் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பெயர் என்று சொல்ல முடியாத சத்தம். கானுக்கு மேலே ஒரு பலகை கிடந்தது. பலகைக்கு அந்தப் பக்கம் சேற்றில் குட்டிக் குட்டிக் காலடிகள். அவை நேரே பிள்ளைக் காம்பராவின் கதவுக்குப் போயின.

கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே சந்தை. தொட்டில் சேலைகள் எல்லாம் இறங்கி, இரண்டில் குழந்தைகள் தூங்கின. ஒருவன் சட்டிமூடியை நிலத்தில் உருட்டிக்கொண்டு ஓடினான். இருவர் சத்துமாவில் பிடித்த ஒரு திரிபோஷ உருண்டைக்குச் சண்டை பிடித்தார்கள். இடுப்பில் ஈரச் சாக்குப் படங்கும் முதுகில் கூடையுமாக மூன்று பெண்கள் தேத்தண்ணி நேரத்துக்கு இறங்கி வந்து, கூடையை இறக்கிவிட்டுச் சுவரோரம் கால் நீட்டி, குழந்தைகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டே யாரையோ பற்றி வம்பளந்தார்கள். நடுவில் தனலெட்சுமி, இடுப்பில் அந்த விம்மல் பையன். அவளுடைய காலடியில் பாயில் தயானி. வாய் நிறையத் திரிபோஷ. தனலெட்சுமியின் சேலைத் தலைப்பை ஒரு கையில் பிடித்திருந்தாள். விடுவதாக இல்லை.

அவன் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"ஒங்க புள்ளயா?" என்றாள் தனலெட்சுமி. சாரமும் விளக்குமாறுமாக நின்றவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லாருக்கு. புள்ளயப் பெத்துப் பலகை மேல நடக்க விட்டுட்டு நீங்க தண்ணி ஊத்தி வெளையாடுறீங்களா? கான்ல விழுந்திருந்தா யாரு எடுக்குறது? இது அம்மா எங்க?"

"இல்லை" என்றான் ஆரூரன்.

"இல்லன்னா? கொழுந்துக்குப் போயிருக்கா?"

"இறந்திட்டா."

வம்பு நின்றது. தனலெட்சுமியின் முகம் மாறியது. பிறகு அது இன்னொரு விதமாகவும் மாறியது. அவனுடைய பேச்சு தோட்டத்துப் பேச்சல்ல என்பது உறைத்திருக்க வேண்டும். குரலையும் முகத்தையும் அவள் பொருத்திப் பார்த்தாள். இடுப்பிலிருந்த பையனைப் பொத்தென்று இறக்கினாள்.

"ஐயோ, ஐயா. அன்னைக்கி சப்பாத்துப் போட்டுக்கிட்டு வந்தவரு." திரும்பிக் கைதட்டினாள். "ஏய், ஒக்காருங்க. வரிச, வரிச. ஏ இராக்கம்மாக்கா, அந்தப் பவுடர எடு."

சட்டிமூடி நின்றது. பிள்ளைகள் பாயை நோக்கி ஓடினார்கள். பால் கொடுத்துக்கொண்டிருந்த இராக்கம்மா பிள்ளையோடு எழுந்து பவுடர் டப்பாவைத் தேடினாள்.

"வேண்டாம்" என்றான் ஆரூரன். அது கொஞ்சம் சத்தமாகவே வந்தது. "தயவுசெய்து வேண்டாம். நான் ஒருத்தரும் இல்லை. மேல பள்ளிக்கூடத்துக்குப் புதுசா வாற மாஸ்டர். பிள்ளையை விட இடம் தேடித்தான் அண்டைக்கும் வந்தனான்."

தனலெட்சுமி அவனைப் பார்த்தாள். இராக்கம்மாவைப் பார்த்தாள். முதலில் சிரித்தது இராக்கம்மாதான். சிரிப்பில் பால் குடித்த குழந்தைக்குப் புரையேறியது.

விஷயம் மெல்லத் தெரியவந்தது. சப்பாத்தும் பைலுமாக யார் பாதையில் ஏறி வந்தாலும், மேலே நிற்கிற கொழுந்துக்காரிகள் ஒரு சத்தம் கொடுப்பார்கள். மலைக்கு மலை இறங்கி அது பிள்ளைக் காம்பராவுக்கு வந்துவிடும். வருகிறவர் துரையா, சுகாதாரப் பகுதியா, கொழும்பு ஒபிஸா என்று தெரியாது. எல்லாருக்கும் ஒரே ஏற்பாடுதான். தொட்டில் மேலே, பிள்ளை கீழே, பவுடர் முகத்தில். அவன் நல்ல தொண்டை என்று நினைத்து ரசித்த கூக்குரல் அவனைப் பற்றியதுதான்.

"நீங்க போனப்பறம் எங்களுக்குப் பெரிய கவல" என்றாள் தனலெட்சுமி. "ஒரு வார்த்தகூடப் பேசாமப் போறாரே, என்னா எழுதப் போறாரோன்னு. புள்ளைங்க அழுமான்னு வேற கேட்டீங்களா. யாரோ பெட்டிசம் போட்டுட்டாங்கன்னே முடிவு பண்ணிட்டோம்."

ஆரூரன் சிரித்தான். தொண்டை துருப்பிடித்திருந்தது. சிரிப்பு இருமலாக வந்தது. தயானி நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

"இப்ப சொல்லுங்கோ" என்றான். "அழுதா என்ன செய்வீங்கள்?"

"அழுதாவா?" இறக்கிவிட்ட பையன் மறுபடி கையை நீட்ட, அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "தூக்கிக்கிட்டு இந்தக் கட்டடத்தச் சுத்துவேன். மொதச் சுத்துல நிக்கலன்னா ரெண்டாஞ் சுத்து. மூணாஞ் சுத்துல எனக்கு இடுப்பு நோவும், திட்ட ஆரம்பிச்சிருவேன். திட்டக் கேட்டா என்னமோ தூங்கிருதுங்க."

"அவ திட்டுக்குப் பெரியவங்களே தூங்கிருவாங்க சேர்" என்றாள் இராக்கம்மா. "அவ புருசன் அப்பிடித்தான்."

அன்று பின்னேரம் ரயிலில் தயானி அவன் மடியில் காதைப் பிடித்துத் தூங்கினாள். விரல்களில் திரிபோஷ ஒட்டியிருந்ததால் அவன் காதும் பிசுபிசுத்தது. துடைக்கவில்லை. எந்த உடுப்பு கொழும்புக்குச் சரிவரும் என்று அவன் யோசிக்கவில்லை. அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தான்.

ஞாயிறு காலை மெயில் ரயிலில் அக்கா வந்து இறங்கினாள். பெரிய பை, சின்னப் பை, குடை, வெயில் இல்லாத பதுளையில் கறுப்புக் கண்ணாடி. பிள்ளையை அள்ளி எடுத்து முகர்ந்தாள். அவன் சொன்னதைக் கேட்டதும் கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"லயத்துப் பிள்ளையளோடயோ?"

"ஓம்."

"உனக்கென்ன விசரோடா?"

அவன் வாதாடவில்லை. நாளைக்கு வந்து பார் என்று மட்டும் சொன்னான். மத்தியானம் அக்கா பிள்ளையைத் தூங்க வைக்கப் பார்த்தாள். தயானி அவளுடைய காதை ஆராய்ந்து, கல்லுத் தோட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்து, திருப்தியில்லாமல் இறங்கி அப்பாவிடம் போனாள். அக்கா காதைத் தடவிக்கொண்டாள்.

திங்கட்கிழமை மூவரும் போனார்கள். பாதையில் ஏறும்போது மேலேயிருந்து சத்தம் புறப்பட்டது. ஆரூரன் இந்த முறை காது கொடுத்துக் கேட்டான். கண்ணாடிக்கார அம்மா வாறாங்கோ, என்று அது மலை இறங்கியது.

"என்னவாம்?" என்றாள் அக்கா.

"கொழுந்துக்காரர் கதைக்கினம்."

அவனுக்குத் தெரியும், போனதும் என்ன இருக்கும் என்று. சனிக்கிழமை புறப்படும்போது அவனே தனலெட்சுமியிடம் கேட்டிருந்தான். அக்கா வாறா, கொஞ்சம் கண்டிப்பான ஆள், எனக்குச் செய்தமாதிரியே ஒருக்காச் செய்யேலுமா என்று. அவள் வாயைப் பொத்திச் சிரித்துவிட்டு, அதவிட நல்லாவே செய்யிறோம் சேர் என்றிருந்தாள்.

சொன்னபடியே செய்திருந்தாள். வரிசை கோடு போட்டதுபோல இருந்தது. பாட்டு ஒன்றல்ல, இரண்டு. அக்கா கண்ணாடியைக் கழற்றி, தரையைப் பார்த்தாள், தண்ணீர்ப் பானையின் மூடியைத் திறந்து பார்த்தாள், கழிப்பறையையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு தம்பியின் பக்கம் குனிந்து, பரவாயில்லையடா, ஒழுங்கா வைச்சிருக்கினம் என்றாள். தனலெட்சுமி தயானிக்கும் பவுடர் போட்டு வரிசையின் ஓரத்தில் உட்கார வைத்தாள்.

தயானி கைகட்டியிருந்த பிள்ளைகளைப் பார்த்தாள். சனிக்கிழமை கண்ட சட்டிமூடிக்காரனைப் பார்த்தாள். அவன் அசையவில்லை. சட்டிமூடியையும் காணவில்லை. அவளுடைய உதடு பிதுங்கியது. பிறகு பவுடர் முகத்தில் இரண்டு கோடு இறங்க, தெமோதரை ஸ்டேஷன் வரை கேட்கும்படி வீறிட்டாள்.

தனலெட்சுமி விறைப்பாக நின்றாள். கொஞ்ச நேரம்தான். பிறகு கண்ணாடிக்கார அம்மாவையும் மறந்தாள், ஏற்பாட்டையும் மறந்தாள். இந்தா, இந்தா என்று பிள்ளையைத் தூக்கி இடுப்பில் போட்டுக்கொண்டு கதவைத் தாண்டி நடந்தாள். அதைக் கண்ட விம்மல் பையனுக்கும் வந்துவிட்டது. எழுந்து அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினான். அவன் போனால் மற்றவர்கள் இருப்பார்களா? வரிசை எழுந்து போய்விட்டது. வெறும் பாய் கிடந்தது. சட்டிமூடி எங்கிருந்தோ வெளிப்பட்டது.

அக்கா வாசலில் நின்று பார்த்தாள். முதல் சுற்றில் அழுகை நிற்கவில்லை. இரண்டாவது சுற்றில் அது தேய்ந்தது. வால்போலப் பிள்ளைகள். மூன்றாவது சுற்றில் தனலெட்சுமியின் திட்டு தொடங்கியது. ஏன்டி என் இடுப்ப ஒடிக்கிற, ஒங்கப்பன்தான் என்னைய வேலைக்கி வெச்சானா என்று பாட்டுப்போல அது வளைந்து வந்தது. வாசலுக்கு நேரே வந்தபோது தயானியின் தலை அவள் தோளில் சாய்ந்திருந்தது. ஒரு கை மேலே ஏறி, தனலெட்சுமியின் காதில், தோடு இல்லாத துளையில் செருகியிருந்த ஈர்க்குத் துண்டைத் தொட்டு, மடலைத் தேடிப் பிடித்தது.

அக்கா வாசலை விட்டு இறங்கி, தம்பியின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மலரின்ர காதையும் உப்பிடித்தான் பிடிக்கிறவள்" என்றாள்.

"ஓம்."

"நீ பாத்தது இதைத்தானே?"

"ஓம் அக்கா."

"பிறகேன்டா அந்தப் பவுடர்க் கூத்து?"

"உனக்காகத்தான்."

அக்கா குடையால் அவன் முழங்காலில் ஒன்று போட்டாள். வலித்தது. அவள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். மழை மேகம் நமுனுகுல மலையை மூடியிருந்த நேரம் அது. கண்ணாடிக்கு ஒரு தேவையும் இல்லை. பெரிய பையைக் கொண்டுவந்திருந்தது தயானியின் உடுப்பைக் கட்டிப்போகத்தான் என்று திரும்பும் வழியில் ஒப்புக்கொண்டாள். பையில் இப்போது தேயிலை கொண்டுபோகலாம் என்றாள். பள்ளி விடுமுறைக்கு இருவரும் வெள்ளவத்தையில் தன் வீட்டுக்கு வர வேண்டும், அது மட்டும் கட்டளை.

பள்ளிக்கூடம் தொடங்கிய முதல் நாள் ஆரூரன் சப்பாத்தைப் போடவில்லை. சாதாரணச் செருப்போடு போய்ப் பிள்ளையை விட்டான். மலையில் யாரும் சத்தம் கொடுக்கவில்லை. அவனுடைய வகுப்பறைக்குச் சுவர் பாதிதான். கீழே பிள்ளைக் காம்பராவின் தகரக் கூரை தெரியும், அங்கே நடப்பது காதில் விழும். பின்னங்களைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது தயானியின் அழுகை கிளம்பியது. அவனுடைய கை நின்றது. வகுப்பு அவனைப் பார்த்தது.

அழுகை கட்டடத்தின் முன்பக்கம் வந்தது, பின்பக்கம் போய் மங்கியது, மறுபடி முன்னால் வந்தது. இன்னும் ஒரு சுற்று. இப்போது அழுகை இல்லை. ஏன்டி என் இடுப்ப ஒடிக்கிற என்று தனலெட்சுமியின் குரல் மட்டும் தனியாக வந்தது.

ஆரூரன் தன் காதை ஒருமுறை தடவிக்கொண்டான். பிறகு மூன்றில் இரண்டை எழுதினான்.